அடுப்புக்குப் பூசிய வெண்ணெய்

போன வாரம் வுன்பினியைக் குளியலறையில் விட்டுவிட்டு வந்தோம். பாவம், ஈரத் தலையோடு இன்னும் அங்கேயேதான் நின்றுகொண்டிருக்கிறாள். முதலில் அவளை வெளியே விடுவோம்.

குளிக்கப் போகிறேன் என்று அவள் சொன்னதில் பாதிதான் உண்மை. இரண்டு குவளை தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, சோப்பு டப்பாவை மைக்காகப் பிடித்தபடி, அடுத்த வாரம் தலைநகர் அக்ராவில் பல்கலைக்கழகக் கருத்தரங்கில் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு நாளாக இதே கூத்து. அவள் படிப்பது மானுடவியல். அதிலும், வெளிநாட்டுப் பணத்தில் வரும் வளர்ச்சித் திட்டங்கள் ஊருக்குள் நுழைந்த பிறகு உண்மையில் என்ன ஆகின்றன என்று பார்க்கும் பிரிவு. "உதவி பண்ண வர்றவங்களை உளவு பார்க்கிற படிப்பு" என்று அவளுடைய அப்பா நாபாரி எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறார்.

"சங்பாலி கிராமத்தில் நல்லடுப்பு எரிவதே இல்லை" என்று சோப்பு டப்பாவிடம் கம்பீரமாக அறிவித்தாள் வுன்பினி. "பெண்கள் அதைத் துடைத்து, தங்கள் அறையில், மகளுக்கென்று சேர்த்துவைத்த பாத்திர அடுக்கின் உச்சியில் வைத்திருக்கிறார்கள். வெளியாட்கள் வரும் நாளில் மட்டும் அது கீழே இறங்கி, கரி பூசிக்கொண்டு, அடுப்பு வேஷம் போடுகிறது. ஒரு திட்டம் ஜெயிப்பது அடுப்படியில் அல்ல, மொழிபெயர்ப்பவரின் நாக்கில்!"

கடைசி வாக்கியம் அவளுக்கே ரொம்பப் பிடித்துப்போனதால் அதை மட்டும் இன்னும் இரண்டு தடவை சொன்னாள்.

மூன்று மாதம் சங்பாலிக்குப் போய்வந்து அவள் கண்டுபிடித்த சங்கதி இது. அவளுடைய ஆசிரியர் டாக்டர் பாயோர், "பிரமாதம்மா, அப்படியே பேசு" என்று சொல்லிவிட்டார். எல்லாம் சரிதான். புகையும் விறகும் குறையட்டும் என்று சங்பாலிப் பெண்களுக்கு இலவசமாகத் தகர அடுப்பு கொடுக்கும் அந்த நல்லடுப்புத் திட்டத்தை ஆறு வருஷமாக நடத்திக்கொண்டிருப்பவள் வுன்பினியைப் பெற்ற அம்மா சனாத்து. இடிப்பது அங்கேதான்.

"மகாராணி இன்னுமா குளிக்கிறாங்க?" வெளியிலிருந்து சனாத்துவின் குரல் வந்தது. "டென்மார்க்குக்காரம்மா வந்து சேர்ந்துடுவாங்க போல, நீ வெளியே வரமாட்டே!"

வுன்பினி துண்டைச் சுற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். முற்றத்தில் அம்மா தயாராக நின்றாள். பூப்போட்ட துணியை இடுப்பில் கட்டி, மேலே திட்டத்தின் பச்சைச் சட்டை. மோட்டார் சைக்கிளைத் துடைத்து நிறுத்தியிருந்தாள்.

"நான் எதுக்கும்மா வரணும்?"

"யாக்குபுவுக்குக் காய்ச்சலாம். மொழிபெயர்க்க ஆள் இல்லை. நீதான் வரணும்."

இன்றைக்கு வரும் அம்மாள் சாதாரண ஆள் இல்லை, திட்டத்துக்குப் பணம் கொடுக்கும் நிறுவனத்து ஆள். அவள் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்வதை வைத்துத்தான் திட்டம் இன்னும் ஓடுமா, மூடப்படுமா என்பதே. மூடினால் அம்மாவுக்கு வேலை இல்லை. அப்பாவுக்கு வானொலியில் வேலை இருக்கிறது என்றாலும், காலையில் மரண அறிவிப்பும் காணாமல் போன ஆட்டு அறிவிப்பும் படிப்பதற்கு அவர்கள் கொடுப்பதைச் சம்பளம் என்று சொல்ல நாபாரிக்கே கூச்சம். வுன்பினி அக்ராவில் படிப்பதே இந்தப் பச்சைச் சட்டையின் புண்ணியத்தில்தான்.

"அம்மா, எனக்கு அவ்வளவா வராது..."

"மூணு வருஷம் இங்கிலீஷுல படிச்சவளுக்கு வராதா? நல்ல கதையா இருக்கே!"

அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். "போயிட்டு வா கண்ணு. சங்பாலி மகாசியாகிட்ட நான் விசாரிச்சதாச் சொல்லு. என் குரலைக் கேக்காம அந்தம்மா கஞ்சிகூடக் குடிக்கமாட்டாங்களாமே."

"குரலோட நிறுத்திக்கிட்டாங்க, கெட்டிக்காரி" என்றாள் சனாத்து. "மத்ததை நான் சுமக்கிறேன்."

* * *

புழுதிக் காற்றில் வழியெல்லாம் வெளிறிக் கிடந்தது. அம்மாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்த வுன்பினி வாயே திறக்கவில்லை. திறந்தால் உண்மை வெளியே வந்துவிடுமோ என்று அவளுக்குப் பயம். சனாத்துவும் வழக்கத்துக்கு மாறாக அமைதியாக வந்தாள். திட்டத்தைப் பார்வையிட ஆள் வருகிற கவலை என்று மகள் நினைத்துக்கொண்டாள்.

சங்பாலியில் மகாசியா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் தலைவி, ஆறு பிள்ளை பெற்றவள், யாரையும் சும்மா விடாதவள்.

"வாடி சக்களத்தி மகளே! என் வீட்டுக்காரர் எப்படி இருக்காரு? காலையில செத்தவங்க பேரைப் படிக்கும்போதுகூட எவ்வளவு இனிப்பாப் படிக்கிறாரு!"

"வெச்சுக்கங்க மகாசியா" என்றாள் சனாத்து. "குறட்டையோட சேர்த்து இன்னைக்கே அனுப்பிடறேன்."

"குறட்டை உன்கிட்டயே இருக்கட்டும்! பாரு, உனக்காக எல்லாரும் எப்படி ஓடியாடி வேலை பார்த்திருக்காளுங்கன்னு."

முற்றம் நெடுக நல்லடுப்புகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. தகரத்தில் செய்த, இரண்டு கைப்பிடி வைத்த, ஆளுக்கொன்றாகக் கொடுத்த அடுப்புகள். அத்தனையும் கன்னங்கரேல். வழக்கமாக அடியில் கொஞ்சம் கரியைத் தடவிவிட்டு எடுத்துவைப்பார்கள். இந்தத் தடவை மகாசியாவின் மருமகள் ரஹி ஒரு படி மேலே போயிருந்தாள். கரி உதிர்ந்துவிடக் கூடாது என்று ஷியா மரக்கொட்டையில் எடுத்த வெண்ணெயில் குழைத்து, கைப்பிடி, மூடி, பெயர்த் தகடு ஒன்றுவிடாமல் பூசி, ஒரே இரவில் ஆறு வருஷத்துப் பழசாக்கிவிட்டாள்.

"எப்படி அக்கா?" என்று வுன்பினியிடம் பெருமையாகக் கேட்டாள். "நீங்க படிக்கிற படிப்புல இதெல்லாம் வருமா?"

வரும் என்று சொல்ல வுன்பினிக்குத் தைரியம் இல்லை.

டென்மார்க்குக்காரம்மா வந்து இறங்கினாள். கிர்ஸ்டன் என்று பெயர். நெட்டையாக, மூக்கு சிவந்து, முகமெல்லாம் சிரிப்பாக இருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றினாள். பெண்கள் மண்டியிட்டு வணக்கம் சொன்னபோது தானும் தடால் என்று மண்டியிட்டு, ஊர் வழக்கப்படி "நா, நா" என்று சரியாகவே பதில் சொன்னாள். கொடுத்த தண்ணீரை முழுவதும் குடித்தாள். வெறுக்கத் தயாராக வந்திருந்த வுன்பினிக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. இந்த மாதிரி வருகிறவர்களைப் பற்றி அவளுடைய கருத்தரங்குப் பேச்சில் ஒரு பக்கம் கிண்டல் இருந்தது. அதில் ஒரு வரிகூட இந்த அம்மாளுக்குப் பொருந்தவில்லை.

அடுப்புகளைப் பற்றவைத்தார்கள். கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அப்புறம் சூடு ஏறியது. சூடு ஏறினால் வெண்ணெய் என்ன செய்யும்? உருகியது. முதலில் ரஹியின் அடுப்பு, பிறகு அடுத்தது, பிறகு வரிசையே கறுப்புக் கறுப்பாக வடிய ஆரம்பித்தது. முற்றமெல்லாம் தலைக்கு எண்ணெய் காய்ச்சிய வாசனை. அந்தக் கறுப்புக்கு அடியிலிருந்து ஒவ்வொரு அடுப்பும் வெட்கமில்லாமல் பளபளத்தது.

ரஹி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"இது என்ன வடியுது?" என்று குனிந்து, விரலால் தொட்டு, முகர்ந்து பார்த்துக் கேட்டாள் கிர்ஸ்டன்.

வுன்பினி அம்மாவைப் பார்த்தாள். அம்மா நிலத்தைப் பார்த்தாள். பெண்கள் எல்லாரும் வுன்பினியைப் பார்த்தார்கள். அவள் வாய் தானாகத் திறந்தது.

"இது... துரு பிடிக்காம இருக்க இவங்க பூசுற பூச்சு. ஷியா வெண்ணெயும் கரியும். இவங்களே கண்டுபிடிச்சது."

கிர்ஸ்டனின் கண்கள் விரிந்தன. "அப்படியா! உள்ளூர்க் கண்டுபிடிப்பு! இது அற்புதமான விஷயம்!" என்று சொல்லி, கறுத்த விரலைத் தானே படம் எடுத்துக்கொண்டாள்.

வுன்பினிக்குக் காது சூடானது. மொழிபெயர்ப்பவரின் நாக்கு என்று சோப்பு டப்பாவிடம் முழங்கினாளே, அது இப்போது அவளுடைய வாய்க்குள்ளேயே புரண்டுகொண்டிருந்தது.

* * *

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கிர்ஸ்டன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "இன்னைக்கு உங்களோட சாப்பிடணும். இந்த அடுப்புலயே களி கிண்டுங்களேன், பார்க்கிறேன்" என்றாள்.

மக்காச்சோளக் களி என்றால் சும்மாவா? பெரிய பானை. மாவு இறுக இறுக, நின்றுகொண்டு இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்து, உடம்பின் பலம் முழுவதையும் போட்டுக் கிண்ட வேண்டும். தரையில் பதிந்த மண்ணடுப்பு அதைத் தாங்கும். இந்தத் தகரம், கோழி இடித்தாலே நகரும்.

முடியாது என்று விருந்தாளியிடம் யார் சொல்வது? மகாசியா துணியை இழுத்துச் செருகிக்கொண்டு துடுப்பை எடுத்தாள். முதல் இரண்டு சுற்று ஆனது. மூன்றாவது சுற்றில் மாவு இறுகியது, துடுப்பு இழுத்த பக்கம் பானை போனது, பானை போன பக்கம் அடுப்பும் சாய்ந்தது.

"ஐயையோ!" என்று ரஹி கத்தினாள்.

அதற்குள் சனாத்து பாய்ந்து போய்விட்டாள். தரையில் அமர்ந்து, இரண்டு காலையும் நீட்டி, ரப்பர் செருப்போடு அடுப்பை இரு பக்கமும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கிண்டுங்க மகாசியா! நிறுத்தாதீங்க!"

"உன் காலு!"

"காலு கிடக்குது, களியைக் கவனிங்க!"

மகாசியா கிண்டினாள். ரப்பர் உருகும் நாற்றம் அடித்தது. சனாத்து பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்த முகமாகவே உட்கார்ந்திருந்தாள். களி வெந்து இறங்கியதும் பெண்கள் எல்லாரும் ஓவென்று கூவிக் கைதட்டினார்கள். வுன்பினி ஓடிப்போய் அம்மாவின் செருப்பைக் கழற்றினாள். ஒரு பக்கம் உள்ளங்கால் சிவந்து தோல் எழும்பியிருந்தது. வாளியில் தண்ணீர் கொண்டுவந்து காலை அதில் இறக்கினாள். அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. இந்த வேலையை விட்டுவிடக் கூடாதா என்று அம்மாவை உலுக்கிக் கேட்க வேண்டும் போலிருந்தது. யாருக்காக விடாமல் இருக்கிறாள் என்று தெரிந்தும் எப்படிக் கேட்பது?

அயோயோ கீரைக் குழம்போடு களியைத் தின்றுகொண்டே கிர்ஸ்டன் யோசனையாகக் கேட்டாள்: "தினமும் இதுக்கு ரெண்டு பேர் வேணுமா? மகாசியாகிட்ட உண்மையாக் கேளுங்க. இந்த அடுப்புலதான் தினமும் சமைக்கிறாங்களா?"

வுன்பினி கேட்டாள். மகாசியா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, ஊரே கேட்கும்படி பேசினாள்.

"சொல்லு புள்ள. இது அழகான பொருள். அதான் அடுப்படியில வைக்கலை. இதுல ஒருநாளும் களி கிண்டினதில்ல, கிண்டவும் முடியாது. என் கடைக்குட்டி கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரத்தோட வெச்சிருக்கேன். கனமா, சாயாத மாதிரி ஒண்ணு செஞ்சு தந்தா அதுல சமைக்கிறோம். அப்படியே சொல்லு."

பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். வுன்பினிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொடுத்தவரின் முகத்துக்கு நேரே கொடுத்த பொருளைக் குறை சொல்வது சங்பாலியில் நடக்காத காரியம். மூன்று மாதமாக இந்த ஒரு வார்த்தையைக் கேட்க அவள் தவம் கிடந்திருக்கிறாள். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, சிரித்து மழுப்பினார்கள். இன்றைக்கு மட்டும் எப்படி? அவளே ஒரு காரணமும் கண்டுபிடித்தாள். இந்தச் சக்களத்தி மகள் பக்குவமாக மாற்றிச் சொல்லிக்கொள்வாள் என்ற தைரியத்தில்தான் மகாசியா வாயை விடுகிறாள்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். சனாத்து வாளியில் கால் வைத்தபடி, கண் கொட்டாமல் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. அது வுன்பினிக்கு நன்றாகவே தெரிந்தது.

டாக்டர் பாயோர் போனார், கருத்தரங்கு போனது, மூன்று வருஷப் படிப்பும் போனது.

"இது அவங்க வீட்டுலயே ரொம்ப மதிப்பான பொருள்னு சொல்றாங்க" என்று ஆங்கிலத்தில் சொன்னாள் வுன்பினி. "பொண்ணு கல்யாணத்துக்குச் சீராக் குடுக்கிற அளவுக்கு மதிப்பு. ரெண்டு பேர் சேர்ந்து கிண்டுறது இங்க வழக்கம். இன்னும் நிறைய அடுப்பு கிடைச்சா எல்லாப் பொண்ணுங்களுக்கும் சந்தோஷம்னு சொல்றாங்க."

கிர்ஸ்டன் மகாசியாவின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள். போகும்போது அவளுக்கு ஒரு ஜோடி கினிக்கோழியைக் கட்டிக் கொடுத்தார்கள்.

சனாத்துவுக்கு ஆங்கிலம் பேசத்தான் தடுமாறும், கேட்டால் நன்றாகவே புரியும். அவள் வாளியிலிருந்து காலை எடுத்து, உருகிய செருப்பை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளை நோக்கி நொண்டிப் போனாள். வுன்பினிதான் ஓட்டினாள். வீடு வரும்வரை பின்னாலிருந்து சத்தமே இல்லை. அம்மா அழுகிறாளோ என்று திரும்பிப் பார்க்கவும் பயமாக இருந்தது.

* * *

மாலைத் தொழுகை முடிந்து தெரு கலகலப்பாக இருந்தது. சனாத்து தன் அறையில் கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தாள்.

"களிம்பு அந்தப் பாத்திர அடுக்குக்குப் பின்னாடி இருக்கு. எடு."

அறையின் ஒரு சுவர் முழுவதும் பாத்திரங்கள். பூப்போட்ட எனாமல் பேசின்கள், பித்தளை அண்டாக்கள், கூரை தொடும் அளவுக்கு. வுன்பினி பிறந்ததிலிருந்து அவள் கல்யாணத்துக்கென்று அம்மா சேர்த்தவை. வுன்பினி ஸ்டூலைப் போட்டு ஏறி, பின்னால் கையை விட்டாள். கை அப்படியே நின்றுவிட்டது.

அடுக்கின் உச்சியில் ஒரு நல்லடுப்பு இருந்தது. முதல் லோடில் வந்தது. துடைத்துத் துடைத்துக் கண்ணாடி மாதிரி மின்னியது. வருஷக்கணக்காக அது அங்கேதான் இருக்கிறது. லீவுக்கு வரும்போதெல்லாம் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். பழகிய பொருள், கண்ணில் படவே இல்லை. இதைக் கண்டுபிடிக்கவா மூன்று மாதம் சங்பாலிக்குப் புழுதியில் அலைந்தாள்?

"அம்மா... நீயுமா?"

"நான் மட்டும் என்ன வேற ஊர்லேருந்து வந்தவளா? பளபளன்னு இருந்துச்சு. என் மகளுக்கு இருக்கட்டும்னு எடுத்து வெச்சேன்." சனாத்து பெருமூச்சு விட்டாள். "யாக்குபுவுக்குக் காய்ச்சலும் இல்லை, ஒண்ணும் இல்லை. நான்தான் வராதேன்னு சொன்னேன்."

"ஏம்மா?"

"குளியலறைக்குக் கூரை இல்லைடி."

வுன்பினி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். "கேட்டியா? எல்லாத்தையுமா?"

"நாலு நாளா! அதுவும் அந்தக் கடைசி வரியை மூணு தடவை. பக்கத்து வீட்டுல கை தட்டாததுதான் பாக்கி."

"கோவம் வரலையா உனக்கு?"

"வராமலா? ரெண்டு நாளா உன் தட்டுல மீன் விழுந்துச்சா? கவனிக்கலை நீ, பேச்சு மயக்கத்துல இருந்தே." சனாத்து சிரித்தாள், அப்புறம் சிரிப்பு அடங்கியது. "அப்புறம் யோசிச்சேன். என் மக சொன்னதுல எது பொய்? ஒண்ணும் இல்லை. ஒவ்வொரு தடவையும் வண்டி வருதுன்னா அந்தப் பொண்ணுங்க எனக்காகக் கரியைத் தூக்கிட்டு ஓடுறாங்க. என் வேலை போயிடக் கூடாதுன்னு. எனக்கு வெக்கமா இருக்குடி. ஆனா நான் சொன்னா எவன் நம்புவான்? ஆறு வருஷமா நல்லா எரியுது, நல்லா எரியுதுன்னு சொன்ன வாய் இது. உன் வாய் புதுசு. அதனாலதான் உன்னைக் கூட்டிட்டுப் போனேன்."

"அப்ப மகாசியா..."

"அவ விருந்தாளி முகத்துக்கு நேரா அப்படிப் பேசுறவளா? நான்தான் கால்ல விழாத குறையாக் கேட்டு ஒத்துக்க வெச்சேன். உனக்காகப் பேசினா. நீ என்னடான்னா..."

வுன்பினிக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "நீ என்னைப் பார்த்தியேம்மா. காப்பாத்துன்னு கெஞ்சுறேன்னு நெனச்சேன்."

"சொல்லிடுன்னு கெஞ்சினேன்டி கழுதை!"

"சொல்லியிருந்தா உன் வேலை போயிருக்குமே!"

"போகும்னு தெரிஞ்சுதான் கூட்டிட்டுப் போனேன். பயம் இல்லாம இல்லை. ராத்திரி தூக்கமே வரலை." சனாத்து கையை நீட்டி மகளின் கன்னத்தைத் துடைத்தாள். "என்னைக் காப்பாத்த உன் படிப்பையே தூக்கிப் போட்டுட்டியே. உன்னை வெச்சுக்கிட்டு நான் என்னடி பண்றது?"

அந்த நேரம் பக்கத்து வீட்டு வானொலியில் நாபாரியின் குரல் மிதந்து வந்தது. பதிவுசெய்த பேட்டி. எதிரில் கிர்ஸ்டன். இன்னும் மூவாயிரம் அடுப்புகள் வரப்போகின்றனவாம், அதே அளவு, அதே தகரம். அத்தனைக்கும் சங்பாலிப் பெண்கள் கண்டுபிடித்த கறுப்பு வெண்ணெய்ப் பூச்சு. நாளைக் காலை திட்ட அலுவலகக் கூட்டத்தில் அதைச் செய்து காட்டப்போவது வுன்பினி என்ற மாணவி.

"மக்களே, கேட்டீங்களா? அது என் பொண்ணு!" என்று குரல் தழுதழுக்க அறிவித்தார் நாபாரி. ஆடு காணாமல் போன அறிவிப்பைக்கூட மறந்துவிட்டார்.

சனாத்து தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

வுன்பினி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அடுக்கின் உச்சியிலிருந்து அடுப்பை இரண்டு கையாலும் தூக்கினாள்.

"ஏய், அதை ஏன் இறக்குறே? அது உன் சீர்!"

"நாளைக்குக் கூட்டத்துக்கு எடுத்துட்டுப் போறேன். பானையும் மாவும் துடுப்பும் சேர்த்து. நான் ஒண்ணும் பேசப்போறதில்ல. கிர்ஸ்டனையும் உங்க ஆபீஸ் டைரக்டரையும் களி கிண்டச் சொல்லப்போறேன்."

சனாத்து மகளை ஏற இறங்கப் பார்த்தாள். தன் புண்ணான காலையும் ஒருமுறை பார்த்தாள்.

"சரி, நானும் வரேன்" என்றாள் நிதானமாக. "ஆனா அது சாய்ஞ்சா இந்தத் தடவை நான் கால் குடுத்துப் பிடிக்கமாட்டேன்."

வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. கதவு சாத்தும் சத்தம், அதைத் தொடர்ந்து நாபாரியின் உற்சாகக் குரல்: "சனாத்து! யாரைக் கூட்டிட்டு வந்திருக்கேன் பாரு! சாப்பாட்டுக்கு விருந்தாளி! உங்க வீட்டு நல்லடுப்பு எங்கேன்னு வழியெல்லாம் கேட்டுக்கிட்டே வந்தாங்க!"

"நா, நா" என்றபடி கிர்ஸ்டன் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அறை வாசலுக்கு வந்து நின்றாள்.

வுன்பினி ஸ்டூலின் மேல் நின்றிருந்தாள். அவள் கையில் அடுப்பு. அதில் ஒரு பொட்டுக் கரி இல்லை.